வீட்டில் செய்யும் கூழ்ம வெள்ளி: பிபிஎம் ஏன் 20-ஐத் தாண்ட மறுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வெள்ளிக் கம்பிகள், ஒரு குவளை வடிநீர், மூன்று 9 வோல்ட் பேட்டரிகள். நுண்ணிய வெள்ளித் துகள்கள் நீரில் மிதக்கும் கூழ்ம வெள்ளியைச் செய்ய, 1990களில் அமெரிக்காவில் பரவிய வீட்டுச் செய்முறை இது. செய்து பார்த்த பலரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் திரவத்தின் செறிவு 20 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 20 மி.கி. வெள்ளி) மேல் ஏற மறுக்கிறது. அடியில் கறுப்பாக வண்டல்தான் சேர்கிறது. அந்தச் சிக்கலின் வேதியியலும் அதற்கான வழிகளும் கீழே. இவை ஆய்வுக்கூடத்துக்கும் கற்றலுக்குமானவை, மருந்துக்கானவை அல்ல.

பேட்டரி முறையில் கிடைப்பது உண்மையிலேயே கூழ்மம்தானா?

பெரும்பாலும் இல்லை. நேர்மின்வாயில் வெள்ளி அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாக நீரில் இறங்குகிறது. எதிர்மின்வாயில் நீர் பிளந்து ஹைட்ரஜன் குமிழிகளும் ஹைட்ராக்சைடும் வருகின்றன. ஆகவே குவளையில் இருப்பது முதன்மையாகக் கரைந்த வெள்ளி அயனி. உலோகத் துகள் கொஞ்சம்தான்.

சோதிப்பது எளிது. இருட்டில் லேசர் பாயின்டரைக் குவளையின் பக்கவாட்டில் அடியுங்கள். துகள்கள் இருந்தால் ஒளிக்கற்றை கோடாகத் தெரியும். பள்ளிப் பாடத்தில் வரும் டிண்டால் விளைவு இதுதான். கண்ணாடி போலத் தெளிவாக, கோடு மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் அது அயனிக் கரைசல். ஒரு சிறு மாதிரியில் உப்புநீர் ஒரு சொட்டு விட்டால் பால் போல வெண்மை படரும். அது வெள்ளி குளோரைடு.

குடிக்கலாமா?

கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999 ஆகஸ்டில், கூழ்ம வெள்ளியோ வெள்ளி உப்போ கொண்ட, மருந்துச்சீட்டின்றி விற்கும் மருந்துகள் எவையும் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்படவில்லை என்று இறுதி விதி வெளியிட்டது. குடித்த அயனி இரைப்பை அமிலத்தைத் தொட்டதுமே பெரும்பகுதி குளோரைடாகிவிடும். உடலில் சேரும் வெள்ளி தோலில் படிந்து, வெயில் பட்டு நீலச் சாம்பல் நிறமாகும். ஆர்ஜிரியா எனப்படும் இந்த நிறமாற்றம் தானாக மறையாது. 2002இல் மொன்டானா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் தானே தயாரித்த திரவத்தைக் குடித்து இப்படி நிறம் மாறியவர். தைராய்டு மாத்திரையும் சிலவகை ஆன்டிபயாட்டிக்குகளும் உடலில் சேர்வதை வெள்ளி குறைக்கவும் செய்யும்.

கணக்கும் பார்த்துவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வாய்வழி வெள்ளிக்கு வைத்த அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.005 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு 0.3 மி.கி. 20 பிபிஎம் திரவத்தில் 15 மில்லியிலேயே அது வந்துவிடுகிறது. 100 பிபிஎம் என்றால் 3 மில்லி போதும். செறிவைக் கூட்டத் துடிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

என்னென்ன பொருள் தேவை? கொலுசு வெள்ளி ஆகுமா?

ஆகாது. நகை வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். அதுவும் சேர்ந்தே கரையும். 999 அல்லது 9999 தூய்மையுள்ள கம்பி வேண்டும், 2 மி.மீ. தடிமன் வசதி. பற்றவைத்த இடமோ முதலைக் கிளிப்போ நீரைத் தொடக்கூடாது. தொட்டால் ஈயமும் தகரமும்தான் முதலில் இறங்கும்.

நீர்தான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். குழாய்நீர், ஆர்ஓ நீர் இரண்டிலும் குளோரைடு உண்டு. மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் வெண்புகை கிளம்பும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் ‘டிஸ்டில்டு வாட்டர்’ பல நேரம் வடித்தது அல்ல, தாது நீக்கியது மட்டுமே. அதில் தவறில்லை, ஆனால் மின்கடத்து மானியில் அளந்து வாங்குங்கள். சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் வேறு புட்டி பாருங்கள்.

மற்றவை: போரோசிலிகேட் கண்ணாடிக் குவளை, மைக்ரோஆம்பியர் வரை காட்டும் மல்டிமீட்டர், கிளறி, இயன்றால் மில்லிகிராம் காட்டும் தராசு. வீட்டு மின்சாரத்தை நேரடியாக எந்த வகையிலும் இணைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஓட்டினால் எத்தனை பிபிஎம்?

பாரடே விதி இதைத் துல்லியமாகச் சொல்கிறது. ஒரு கூலூம் மின்னூட்டம் 1.118 மி.கி. வெள்ளியைக் கரைக்கும். நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 1 மில்லிஆம்பியர் 15 நிமிடம் ஓடினால் 1 மி.கி., ஒரு மணி நேரத்துக்கு 4 மி.கி. அரை லிட்டரில் 20 பிபிஎம் வேண்டுமென்றால் 10 மி.கி. வெள்ளி, அதாவது 1 மில்லிஆம்பியரில் இரண்டரை மணி நேரம்.

இது உச்சவரம்பு. இறங்கிய வெள்ளியில் ஒரு பகுதி எதிர்மின்வாயிலேயே மீண்டும் படிந்துவிடும், ஒரு பகுதி வண்டலாகும். நம்பகமான கணக்கு வேண்டுமானால் இரண்டு கம்பிகளையும் முன்னும் பின்னும் உலர்த்தி எடை போடுங்கள். நேர்மின்வாய் இழந்ததிலிருந்து எதிர்மின்வாயில் ஏறியதையும் வண்டலையும் கழித்தால் மிச்சம்தான் நீரில் இருப்பது.

தொடக்கத்தில் மின்னோட்டமே இல்லை, கடைசியில் எகிறுகிறது. ஏன்?

சுத்தமான நீர் மின்சாரத்தைக் கடத்தாது. வெள்ளி அயனி இறங்க இறங்கத்தான் கடத்தும். 2 மி.மீ. கம்பிகள் இரண்டு, 10 செ.மீ. நீரில் மூழ்கி, 4 செ.மீ. இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். கடத்துதிறன் 1 மைக்ரோசீமன்ஸ் இருக்கும்போது மின்தடை சுமார் 117 கிலோஓம். 27 வோல்ட்டில் 0.23 மில்லிஆம்பியர்தான் போகும். அதே நீர் 10 மைக்ரோசீமன்ஸ் ஆனதும் 2.3 மில்லிஆம்பியர். 20 ஆனால் 4.6. நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்பி கறுத்து, அதிலிருந்து சாம்பல் நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

மின்னோட்டம் மிஞ்சினால் நேர்மின்வாயை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் அயனி நெரிசல் ஏற்பட்டு, அங்கேயே ஆக்சைடாக வெளியேறும். மேற்சொன்ன கம்பியின் மூழ்கிய பரப்பு சுமார் 6 சதுர செ.மீ.; அதற்கு 1 மில்லிஆம்பியர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

கட்டுப்படுத்த மிக மலிவான வழி, 27 வோல்ட்டோடு தொடராக ஒரு 27 கிலோஓம் ரெசிஸ்டர். என்ன ஆனாலும் 1 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. இன்னும் சீராக வேண்டுமென்றால் எல்எம்334 சில்லும் 68 ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால் ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் நிலையாகக் கிடைக்கும். எல்லோருக்கும் பழகிய எல்எம்317 இங்கே உதவாது. ஒழுங்காக இயங்க அதற்கே சில மில்லிஆம்பியர் தேவை. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மின்முனைகளை மாற்றி இணைத்தால் எதிர்மின்வாயில் பஞ்சு போலப் படிவது குறையும். கிளறுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் 20-க்கு மேல் ஏன் ஏறவில்லை?

கரைதிறன் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெள்ளி அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கிடைப்பது வெள்ளி ஆக்சைடு. அது லிட்டருக்கு 20 டிகிரியில் சுமார் 13 மி.கி., 25 டிகிரியில் சுமார் 25 மி.கி. மட்டுமே கரையும். அதற்குமேல் நீங்கள் இறக்கும் ஒவ்வொரு மில்லிகிராமும் பழுப்புக் கறுப்பு வண்டலாகக் கீழே போகும், அல்லது எதிர்மின்வாய்க்குத் திரும்பும். செறிவு ஏற ஏற இந்தத் திரும்பும் பங்கும் கூடும். இரவு முழுக்க ஓட்டினால் வெள்ளிதான் செலவாகும்.

வோல்ட்டைக் கூட்டினால்? வரம்பை விரைவில் தொடுவீர்கள், தாண்ட மாட்டீர்கள். இந்த வரம்பு கருவியின் குறையல்ல. ஆகவே “50 பிபிஎம், 100 பிபிஎம் தரும்” என்று விற்கும் பேட்டரிக் கருவிகளின் விளம்பரத்தை, வேறு பொருள் எதுவும் சேர்க்கச் சொல்லாத பட்சத்தில், நம்ப வேண்டியதில்லை.

சுண்டக் காய்ச்சினால் செறிவு கூடாதா?

சூடாக இருக்கும்வரை கூடும். 80 டிகிரியில் வெள்ளி ஆக்சைடு லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேலேயே கரையும். ஆறியதும் மிகுதி வெளியே வந்துவிடும். துகள்களாக இருந்தாலும் சிக்கல்தான்: நீர் வற்ற வற்ற அதிலுள்ள உப்புகளும் செறிவாகி, துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த மின்விசையை மறைத்துவிடும். துகள்கள் ஒட்டித் திரளும்.

மின்னோட்டம் வர ஒரு சிட்டிகை உப்பு போடலாமா?

போட்டால் மின்னோட்டம் வரும். கிடைப்பது வெள்ளி குளோரைடுக் குழம்பு. வெளிச்சத்தில் ஊதாவாகிப் பிறகு கறுக்கும். தொடக்கத் தாமதம் பொறுக்கவில்லை என்றால், முந்தைய தயாரிப்பில் பத்தில் ஒரு பங்கை ஊற்றித் தொடங்குங்கள்.

அப்படியென்றால் வரம்பைத் தாண்ட என்னதான் வழி?

அயனியை அயனியாக விட்டு வைக்கக் கூடாது. இறங்க இறங்க அதை, இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து, உலோகத் துகளாக ஒடுக்க வேண்டும். உலோகத்துக்குக் கரைதிறன் வரம்பு கிடையாது. அதோடு துகள்கள் ஒட்டாதபடி ஒரு காப்புப் பூச்சு வேண்டும். இந்த இரண்டும் கூடினால் நூறு பிபிஎம் எட்டும் தூரம்தான். 1889இல் பிலடெல்பியாவில் வேதியியலாளர் கேரி லீ, இரும்பு சிட்ரேட்டால் வெள்ளியை ஒடுக்கி, இன்றைய வீட்டுத் தயாரிப்புகள் கிட்டேகூட வர முடியாத செறிவில் வெள்ளிக் கூழ்மம் செய்துவிட்டார். அவரிடம் பேட்டரி முறை இல்லை. ஒடுக்கியும் சிட்ரேட்டும் இருந்தன.

வீட்டு அளவில் எளிய ஒடுக்கி குளுக்கோஸ். அது வேலை செய்யக் காரத்தன்மையும் சூடும் தேவை. அரை லிட்டருக்கு:

1. நீரற்ற சோடியம் கார்பனேட் 5 கிராமை 100 மில்லி வடிநீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லி (50 மி.கி.) போதும். படிகமான சலவைச் சோடா என்றால் 5-க்குப் பதில் 13.5 கிராம். ஆப்ப சோடாதான் இருக்கிறதென்றால் ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்தால் கார்பனேட் ஆகிவிடும்; எடை 37 சதவீதம் குறைந்திருந்தால் மாற்றம் முழுமை.

2. குளுக்கோஸ் 1 கிராமை 10 மில்லி நீரில் கரைத்து, அதில் 1 மில்லி (100 மி.கி.) சேருங்கள். 10 மி.கி. வெள்ளிக்குக் கணக்குப்படி 8 மி.கி. சொச்சம் போதும், ஆனால் மிகுதியாக இருந்தால்தான் வேகம் வரும். சுத்த டெக்ஸ்ட்ரோஸ் கேட்டு வாங்குங்கள்; வைட்டமினும் தாதுக்களும் கலந்த கோடைக்காலக் குளுக்கோஸ் பொடி வேண்டாம். சமையல் சர்க்கரை ஒடுக்காது.

3. குவளையை மூடி, 70 முதல் 80 டிகிரியில் வைத்து, கிளறியபடி 1 மில்லிஆம்பியரில் இரண்டரை மணி நேரம் ஓட்டுங்கள். கார்பனேட் இருப்பதால் மின்னோட்டம் முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். ஆவியான நீரை வடிநீரால் ஈடுகட்டுங்கள்.

4. நீர் மெல்ல வைக்கோல் மஞ்சளாகி, பிறகு பொன்னிறமாகும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அரைமணி நேரம் சூட்டிலேயே விடுங்கள்.

இது 20 பிபிஎம். 100 வேண்டுமென்றால் அதே 1 மில்லிஆம்பியரில் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். கம்பிக்குப் பதில் வெள்ளித் தகடு வைத்துப் பரப்பைக் கூட்டினால் மின்னோட்டத்தையும் அதே விகிதத்தில் கூட்டலாம். ரெசிஸ்டரை அதற்கேற்ப மாற்றுங்கள். குளுக்கோஸை ஐந்து மடங்காக்குங்கள். ஒடுக்கும்போது காரம் செலவாவதால் கார்பனேட்டை இரண்டு மடங்காவது வையுங்கள். காப்புப் பூச்சு இனிக் கட்டாயம்.

காப்புக்கு எது நல்லது: ஜெலட்டினா, கருவேலம்பிசினா, கஞ்சியா?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ‘தங்க எண்’ என்று படித்திருப்பீர்கள். ஒரு கூழ்மம் திரளாமல் காக்க எவ்வளவு காப்புப் பொருள் தேவை என்று காட்ட, வேதியியலாளர் சிக்மாண்டி 1901இல் கொண்டுவந்த அளவு அது. எண் குறைந்தால் காப்பாற்றும் திறன் அதிகம். ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01. கருவேலம்பிசின் வகையான கம் அரபிக்குக் கால் அளவை ஒட்டி, 0.15 முதல் 0.25. மாவுப்பொருளுக்கு 25 வரை. அந்த எண்கள் தங்கக் கூழ்மத்துக்கானவை என்றாலும் வெள்ளிக்கும் வரிசை மாறாது. ஜெலட்டின்தான் முதல் தேர்வு. சுவையோ நிறமோ சேராத வகையை லிட்டருக்குக் கால் கிராம் என்று தொடங்கலாம். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு சூட்டில் கரைத்து ஊற்றுங்கள். ஜெலட்டின் சேர்த்தது நாள்பட்டால் கெடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிறத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. 10, 20 நானோமீட்டர் துகள்கள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை விழுங்குவதால் திரவம் மஞ்சள். செறிவு ஏறினால் அதுவே தேன் நிறமாகவும் கட்டன்சாயா நிறமாகவும் தெரியும். ஆகவே கருமையாக இருப்பதாலேயே கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். தெளிந்த மஞ்சளாக மாறினால் துகள்கள் நன்றாக இருக்கின்றன. சாம்பலாகவோ கலங்கலாகவோ தெரிந்தால் திரண்டுவிட்டன. நேராகப் பார்த்தால் பழுப்பு, பக்கத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கலங்கல் என்றால் பெரிய துகள்களும் கலந்திருக்கின்றன.

ஒடுக்கம் முழுமையா என்று அறிய, ஆறிய மாதிரியில் உப்புநீர் ஒரு சொட்டு. வெண்மை படர்ந்தால் அயனி மிச்சம் இருக்கிறது. மஞ்சள் மறைந்து சாம்பலானால் அயனி இல்லை, ஆனால் காப்புப் போதவில்லை. ஒன்றுமே ஆகவில்லையென்றால் இரண்டும் சரி.

குவளைச் சுவரில் கண்ணாடி போல வெள்ளி பூசிக்கொண்டால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை அல்லது சூடு மிஞ்சிவிட்டது.

டிடிஎஸ் மீட்டர் 9 காட்டுகிறது. அப்படியானால் 9 பிபிஎம் வெள்ளியா?

இல்லை. அந்த மீட்டர் அளப்பது கடத்துதிறனை. அதைச் சமையல் உப்புக் கணக்கில் ஏறத்தாழப் பாதியாக்கித் திரையில் போடுகிறது. காற்றுப் பட்ட நீரில் வெள்ளி பெரும்பாலும் பைகார்பனேட்டோடு சேர்ந்திருக்கும். அப்போது 1 பிபிஎம் வெள்ளிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோசீமன்ஸ் வரும். ஆகவே மைக்ரோசீமன்ஸில் காட்டும் மீட்டர் வாங்கி, நீரின் தொடக்க அளவைக் கழித்தால் அயனி வெள்ளிக்கு ஓரளவு சரியான மதிப்பு கிடைக்கும். மின்சாரத்தை நிறுத்திய உடனே அளந்தால் ஹைட்ராக்சைடு மிகுந்திருப்பதால் கூடுதலாகக் காட்டும். ஒரு நாள் கழித்து அளவிடுங்கள்.

உலோகத் துகளை எந்த டிடிஎஸ் மீட்டரும் பார்க்காது. கார்பனேட் சேர்த்த தயாரிப்பில் மீட்டரை எடுக்கவே வேண்டாம், சோடாவைத்தான் காட்டும். உறுதியான எண் வேண்டுமென்றால் அணு உறிஞ்சல் நிறமாலைமானியோ ஐசிபி கருவியோ உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அம்மோனியா சேர்த்தால் ஆக்சைடு கரைந்துவிடுமே?

கரையும். அந்தக் கரைசல் நின்றாலோ உலர்ந்தாலோ வெள்ளி நைட்ரைடு உண்டாகும். தொட்டாலே வெடிக்கும் பொருள் அது. செறிவைக் கூட்ட அம்மோனியா பக்கம் போகவே வேண்டாம்.

கல்லூரி ஆய்வகம் இருக்கிறது. பேட்டரியைத் தாண்டி வேறு முறை?

1982இல் லீயும் (மேலே வந்த கேரி லீ அல்ல) மைசலும் வெளியிட்ட சிட்ரேட் முறை இன்றும் ஆய்வகங்களின் அன்றாட முறை. 90 மி.கி. வெள்ளி நைட்ரேட்டை 500 மில்லி நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, 1 சதவீத சோடியம் சிட்ரேட் 10 மில்லி சேர்த்து ஒரு மணி நேரம் கொதியிலேயே வைக்கிறார்கள். வெள்ளிக் கணக்கில் அது 114 பிபிஎம். பச்சை கலந்த மஞ்சளாக வரும். துகள்கள் ஒரே அளவில் இருக்காது. வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை, கண்ணில் பட்டால் அதைவிட மோசம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

எப்படிச் சேமிப்பது?

பழுப்புக் கண்ணாடிப் புட்டி, அறை வெப்பநிலை, வெளிச்சம் படாத அலமாரி. உறையவிடாதீர்கள்: பனிக்கட்டி படிகங்கள் துகள்களை ஓரங்கட்டி நெருக்கித் திரளவைத்துவிடும், உருகிய பின் திரும்பாது.

அதிகச் செறிவு, அதிகப் பலன் அல்லவா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. நிறமாலை ஆய்வுக்கோ பூச்சுக்கோ செறிவு தேவைப்படலாம். கிருமியைக் கட்டுப்படுத்த நீரில் வேண்டியது மிகக் குறைவு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட குடிநீர் வடிகட்டியில், நீரில் வெளிவிடப்படும் வெள்ளி 50 பிபிபி அளவுதான், அதாவது 0.05 பிபிஎம். குடிநீரில் 0.1 பிபிஎம் வரை பொறுக்கத்தக்கது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. நீங்கள் முட்டி மோதும் 20 அதைப்போல இருநூறு மடங்கு.

மிஞ்சியதை எங்கே கொட்டுவது?

சாக்கடையிலோ கிணற்றோரமோ வேண்டாம். மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் வெள்ளி நஞ்சு. அயனிக் கரைசல் என்றால் உப்புப் போட்டு ஒரு நாள் விட்டு, அடியில் தங்கிய குளோரைடை வடிகட்டி எடுத்து ஒரு புட்டியில் சேர்த்து வையுங்கள். கூழ்மம் என்றால் உப்போடு கொஞ்சம் கொதிக்கவிட்டால் பெரும்பாலும் திரண்டு இறங்கும். ஜெலட்டின் போட்டது பிடிவாதம் பிடிக்கும். அதை அகன்ற தட்டில் வெயிலில் உலரவிட்டுத் திடப்பொருளாகச் சேர்ப்பதுதான் வசதி. கம்பியில் படிந்த கறுப்பைச் சொரசொரப்பான பச்சை நார் கொண்டு தேய்த்து, வடிநீரில் அலசி, துடைத்து வைத்துவிடுங்கள்.